பச்சிளங்குழந்தையைப் பாலிசியில் சேர்த்தது எப்படி

சேலத்தில் பிரசவம். மஞ்சள் காமாலைக்குக் குழந்தையை நீல வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். கம்பெனி குரூப் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் கேஷ்லெஸ் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டுவது) கேட்டதற்கு, 'குழந்தை பெயர் பட்டியலில் இல்லை' என்று டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைப் பார்க்கும் நிறுவனம்) திருப்பிவிட்டது. பாலிசியிலோ, பிறந்த முதல் நாளிலிருந்தே கவரேஜ் என்று இருந்தது. முதல் நாளிலிருந்து என்றாலும் அது தானாக நடக்காது. ஹெச்ஆர் வழியாக எண்டார்ஸ்மென்ட், அதாவது குழந்தையைச் சேர்க்கும் பாலிசித் திருத்தம், போட்டாக வேண்டும்.

பிறப்புச் சான்றிதழுக்காகக் காத்திருக்கவில்லை. பிறந்த தேதி, நேரம், எடை எழுதிய ஆஸ்பத்திரி கடிதத்தை மெயிலில் அனுப்பினேன். பெயர்தான் வம்பு. ஆஸ்பத்திரி ஃபைலில் 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பெயர் இருக்கும். பாலிசியிலும் அதே எழுத்தில், இனிஷியல் உட்பட, ஏற்றச் சொல்லுங்கள். இரட்டைக் குழந்தை என்றால் பேபி 1, பேபி 2 என்பதும் பொருந்த வேண்டும். வீட்டில் வைத்த பெயரை அவசரப்பட்டுக் கொடுத்தால் பில்லும் பாலிசியும் ஒட்டாது. பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லை.

சொந்தமாக எடுத்த ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் ஒரே காப்பீட்டுத் தொகை உள்ள பாலிசி) வேறு கதை. பிரசவ கவரேஜ் இல்லாத பல பாலிசிகளில் 90 நாள் கழித்தே குழந்தையைச் சேர்ப்பார்கள்.

தத்துப் பிள்ளைக்கு அடிப்படை ஆவணம் தத்து ஆணை. 2022 செப்டம்பரிலிருந்து காரா (மத்திய அரசின் தத்து ஆணையம்) வழித் தத்துக்கு அதை வழங்குவது கலெக்டர். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். ஆணைக்கு முன்பே பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவதால், எந்தத் தேதியிலிருந்து கவரேஜ் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது.

காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், அதற்கும் கட்டணமில்லை.