வால்வு ஆம்ப்பில் ஸ்டெப் வால்யூம் மாட்டிய என் அனுபவம்

ஏற்காட்டில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஊரே அடங்கிவிடும், அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைத்துப் பாட்டு கேட்டால் என் வால்வு ஆம்ப்பில் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்ளிஃபையர்) இடது பக்கம் மட்டும்தான் பாடும். அதன் 100 கே (ஒரு லட்சம் ஓம்) கார்பன் வால்யூமில் இடது, வலது பக்கங்களுக்கான இரண்டு தடங்களும் சத்தம் குறைந்த அடிமட்டத்தில் ஒத்துப்போகாததுதான் காரணம்.

சரி என்று அதே 100 கே மதிப்பில் 24 படி ஸ்விட்ச் வால்யூம், அதாவது படிப்படியாக ரெசிஸ்டர்களை மாற்றும் ஸ்டெப் வால்யூம் வாங்கினேன். பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த 300 வோல்ட்டை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தேன். இதில் அவசரமே கூடாது, உயிர் விஷயம்.

மாட்டியதும் படிக்குப் படி 'டப்' சத்தம். அளந்தால் வால்யூமில் டிசி (நேர்மின்சாரம்), அங்கே அது வரவே கூடாது! முதல் வால்வுக்கும் வால்யூமுக்கும் நடுவில் இருந்து, பாட்டை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய பழைய கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறது. புதிதாகப் போட்டேன், டப் நின்றது. இப்போது அடிப் படியிலும் குரல் சரியாக நடுவில் கேட்கிறது.