மேற்படிப்பு பற்றிப் பிள்ளையிடம் பேசுவது எப்படி?

மார்க் வந்த அன்று இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அன்றைக்கு எதைக் கேட்டாலும் பிள்ளையின் காதில் திட்டாகத்தான் விழும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கும்போதும் வேண்டாம். அப்போது நடப்பது பேச்சல்ல, பஞ்சாயத்து. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதமாவது இருக்கும்போதே தொடங்கி, ஒரு தடவைக்கு 20 நிமிடம் என்று பல தடவையாகப் பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை ஆகிவிடும். சேர்ந்து நடக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

“என்ன ஆகப் போறே?” என்றால் “தெரியல” என்றுதான் பதில் வரும். அது அலட்சியம் இல்லை, பெரும்பாலும் நிஜம். கேள்வியைச் சிறிதாக்குங்கள்: “யாரும் சொல்லாமலே எந்தப் பாடத்தை எடுத்துப் படிக்கிறே?” கேட்டபின் பத்து விநாடி சும்மா இருங்கள். கஷ்டமான வேலை இதுதான். அந்த இடைவெளியில் பெற்றோரே பதிலையும் சொல்லிவிடுவதால் பேச்சு அங்கேயே அறுந்துபோகிறது.

பிள்ளை ஒரு படிப்பின் பெயரைச் சொன்னதும் தீர்ப்பு வழங்காமல், முதலாண்டுப் பாடத்திட்டத்தை இறக்கி இருவரும் படியுங்கள். உளவியல் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு அதில் புள்ளியியலும் உண்டு என்பது பல சமயம் தெரியாது. கணினி அறிவியலில் நிரல் எழுதுவதோடு கணிதமும் கணிசமாக வரும். அடுத்து, அந்தத் துறையில் சேர்ந்து மூன்று முதல் ஐந்து வருடமான ஒருவரிடம் பிள்ளையே பேசட்டும். “நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?” என்ற ஒரு கேள்வி போதும். இருபது வருட அனுபவசாலி தன் காலத்துக் கதையைச் சொல்வார்; அது வேறு.

கணிதத்தை விடுவதாக இருந்தால் நிதானம் தேவை. கணிதம் படித்தவர் பின்னால் வரலாற்றுக்கோ சட்டத்துக்கோ போகலாம். விட்டவர் பொறியியலுக்குத் திரும்புவது கடினம்.

பணத்தை மறைக்காதீர்கள். கையில் காசில்லாததைச் சொல்லாமல் “அது உனக்குச் சரிவராது” என்றால், தன் திறமையைச் சந்தேகிக்கிறீர்கள் என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு எவ்வளவு முடியும், கடன் வாங்கினால் தவணை யார் கட்டுவது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

பிள்ளைகளே, “எனக்குப் பிடிச்சிருக்கு” என்பதோடு நிறுத்தினால் எடுபடாது. மொத்தச் செலவு, சேரத் தகுதி, இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன, இந்த மூன்றையும் கொண்டு வாருங்கள். பெற்றோர் மறுத்தால் பயம் வருமானத்தைப் பற்றியா, தூரத்தைப் பற்றியா, உறவினர் பேச்சைப் பற்றியா என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

அப்படியும் ஒத்துவராவிட்டால் குரல் உயரும் முன் நிறுத்தி, அடுத்து பேசும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே சேர்ந்தாலும், முதல் வருடத்துக்குப் பின் பிரிவு மாற்ற முடியுமா, விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.