ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டைடெல்லுரைடு: டோபாலஜியைப் பாரிட்டி பார்த்துச் சொல்வது எப்படி?

காலாப்பட்டிலும் கடலூரிலும் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: "பட்டை வரைபடம் வந்துடுச்சுண்ணா. இது டோபாலஜிகலா இல்லையான்னு எப்படிச் சொல்றது?"

டோபாலஜிகல் பொருள் என்றால் உட்பகுதியில் மின்னோட்டம் ஓடாமல் விளிம்பில் மட்டும் ஓடும் பொருள். எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகளைக் காட்டும் படத்தை வைத்து மட்டும் அதைச் சொல்ல முடியாது. நிரம்பிய பட்டைகளின் பாரிட்டியைப் பார்க்க வேண்டும்: மையப்புள்ளி வழியே எல்லாவற்றையும் எதிர்ப்புறம் திருப்பினால் (இதுதான் இன்வர்ஷன்) அலைச்சார்பின் குறி மாறாவிட்டால் +, மாறினால் −. காமா, எக்ஸ், ஒய், எம் என்ற நான்கு கே-புள்ளிகளில் (எலக்ட்ரானின் உந்தத்தைக் குறிக்கும் புள்ளிகள்) இதைப் பார்த்துப் பெருக்கினால் −1 வர வேண்டும், அப்போது பொருள் டோபாலஜிகல். 2007-இல் லியாங் ஃபூவும் சார்லஸ் கேனும் தந்த அந்த வழியில் பாதி வேலை பேனாவாலேயே முடிந்துவிடும்.

படி 1: பொருள்

இன்வர்ஷன் சமச்சீர் இருந்தால்தான் இந்த வழி செல்லும். அதனால் 1டி-டாஷ் வடிவ ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டைடெல்லுரைடை எடுத்துக்கொள்வோம். இது குவாண்டம் ஸ்பின் ஹால் பொருளாக (இரு பரிமாண டோபாலஜிகல் பொருளாக) இருக்கும் என்று 2014-இல் கணித்தார்கள். 100 கெல்வின் வரை அந்த விளிம்பு மின்னோட்டம் ஓடுவதை 2018-இல் அளந்தும் காட்டினார்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடின் வழக்கமான ஒற்றை அடுக்குக்கு இன்வர்ஷன் கிடையாது, அதில் இதை முயல வேண்டாம்.

படி 2: படிக அமைப்பு

அலகு அறையின் குட்டை அச்சு சுமார் 3.48 ஆங்ஸ்ட்ராம், நெட்டை அச்சு சுமார் 6.25. மேலே 15 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறையாமல் வெற்றிடம் விடுங்கள். பருமப் படிகத்துக்கு இன்வர்ஷன் இல்லை. அதன் கோப்பிலிருந்து ஓர் அடுக்கை அப்படியே உருவினால் அணுக்கள் இம்மியளவு விலகியே நிற்கும். சமச்சீராக்கிவிட்டுத்தான் ரிலாக்ஸ் (அணுக்களை ஆற்றல் குறைந்த இடங்களுக்கு நகரவிடுவது) செய்ய வேண்டும். வெளியீட்டில் இன்வர்ஷன் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: கணக்கை ஓட்டுவது

பட்டைகளைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருள் இலவசம், அது போதும். முழு ரிலேட்டிவிஸ்டிக் சூடோபொட்டென்ஷியல் (அணுவின் உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக வைக்கும் கோப்பு) வேண்டும். ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பை (எலக்ட்ரானின் ஸ்பினுக்கும் அதன் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை) இயக்கிவிடுங்கள். கடலூரில் ஐப்பசி மழையில் கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நேர வரம்பு கொடுத்துப் பகுதி பகுதியாக ஓட்டுவது நல்லது.

படி 4: எண்ணுதல்

ஓர் அலகு அறையில் 2 டங்ஸ்டன், 4 டெல்லூரியம். ஒவ்வொன்றுக்கும் 6 வேலன்ஸ் எலக்ட்ரான், மொத்தம் 36. பட்டைகள் ஒரே ஆற்றலில் இரண்டிரண்டாக வருவதால் 18 ஜோடிகள் (கிராமர்ஸ் ஜோடிகள்); ஒரு ஜோடியில் இரண்டுக்கும் ஒரே பாரிட்டி. ஜோடிக்கு ஒரு பாரிட்டி மட்டும் எடுத்துப் பெருக்க வேண்டும். இதில் பலர் 36-ஐயும் பெருக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் விடை எப்போதும் +1-தான் வரும்.

படி 5: எக்ஸ், எம் (பேனா போதும்)

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குட்டை அச்சின் வழியே இந்த அடுக்குக்கு ஒரு திருகு சமச்சீர் உண்டு: அரைச்சுற்றுச் சுற்றி, அரை அலகு நகர்த்தினால் அடுக்கு தன்மேலேயே பொருந்தும். அந்த அச்சு திசையில் கே-புள்ளிகளின் மண்டல விளிம்புக்குப் போனால், அதாவது எக்ஸ், எம் புள்ளிகளில், திருகும் இன்வர்ஷனும் எதிர்-இடமாற்று உறவுக்கு வந்துவிடுகின்றன, அதாவது செய்யும் வரிசையை மாற்றினால் குறி மாறும். அதனால் ஒரு + ஜோடி இருந்தால் அதே ஆற்றலில் ஒரு − ஜோடியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். 18 ஜோடிகளில் 9 கூட்டல், 9 கழித்தல்; பெருக்கினால் −1. இரு புள்ளிகளிலும் இதே விடை என்பதால் இரண்டும் சேர்ந்து +1 ஆகிவிடும். சூடோபொட்டென்ஷியலில் உள்கூட்டு எலக்ட்ரான்கள் சேர்ந்து எண்ணிக்கை கூடினாலும் இது மாறாது.

படி 6: காமா, ஒய்

மிச்சம் இந்த இரண்டுதான். ஐஆர்ரெப் என்ற பைத்தான் நிரலிடம் அலைச்சார்புகளைக் கொடுத்தால் ஒற்றைப் பாரிட்டி (−) ஜோடிகளை எண்ணித் தந்துவிடும். எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் −1, இரட்டைப்படை என்றால் +1. காமாவில் பட்டைகள் இடம் மாறியிருப்பதால் அதன் குறியும் ஒய்யின் குறியும் எதிரெதிராக வர வேண்டும். நான்கையும் பெருக்கினால் −1. பொருள் டோபாலஜிகல்.

பிபிஈ என்ற வழக்கமான தோராய முறையில் ஓட்டியவர்களுக்கு இடைவெளியே இல்லாமல், மேல் பட்டையின் அடி கீழ்ப் பட்டையின் உச்சியைவிடத் தாழ்ந்து தெரியும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கே-புள்ளியிலும் 36-ஆவது பட்டையும் 37-ஆவது பட்டையும் (உள்கூட்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் இந்த எண்களும் கூடும்) தொடாமல் பிரிந்து நின்றால் இந்தப் பெருக்கல் செல்லும்.