தீமுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை: ஷாப்பிஃபை கடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையக் கடை அமைக்க உதவும் சேவையான ஷாப்பிஃபையில் கணக்குத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் போய் உட்காருவது கடையின் தோற்றத்தை அமைக்கும் தீம் பக்கத்தில்தான். லோகோ எங்கே வர வேண்டும், பேனர் எத்தனை, பட்டனுக்கு என்ன நிறம் என்று ஒரு வாரம் ஓடிவிடும். இவை எல்லாமே நாளைக்கும் மாற்றலாம், அடுத்த தீபாவளிக்கும் மாற்றலாம். பின்னால் மாற்றப்போனால் பாடாய்ப் படுத்துபவை வேறு. சிறு வணிகர்களுக்குக் கடை அமைத்துக் கொடுக்கும் இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவற்றைத்தான்.

முதலாவது, டொமைன், அதாவது கடையின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்பது. வெப்சைட் செய்து தருகிற தம்பி நல்ல எண்ணத்தோடுதான் தன் கணக்கில் வாங்கிப் போட்டிருப்பார். இரண்டு வருடம் கழித்து அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருடைய பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் கடையின் பெயர் உங்கள் கையில் இருக்காது. டொமைனை உங்கள் கணக்கில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். ஷாப்பிஃபை கணக்கின் உரிமையாளரும் நீங்களாகவே இருங்கள். வடிவமைப்பாளருக்கு அவருடைய கணக்கிலிருந்தே உங்கள் கடையில் வேலை பார்க்கும் கொலாபரேட்டர் அனுமதி கொடுத்தால் போதும். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். கடவுச்சொல்லைப் பகிரத் தேவையே இல்லை.

அடுத்தது டொமைனை இணைக்கும் இடத்தில் நடப்பது. கடையைக் காட்டுவதற்கு டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகள் இருக்கும் பக்கம்) ஏ ரெக்கார்டையும், டபிள்யூ டபிள்யூ டபிள்யூ முகவரிக்கான சிநேம் ரெக்கார்டையும் மாற்றினால் போதும். அதை விட்டுவிட்டு, அந்தப் பதிவுகள் அனைத்தையும் வைத்திருக்கும் நேம்சர்வரையே வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். கடை நன்றாகத் திறக்கும். ஆனால் மின்னஞ்சலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் ரெக்கார்டுகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். உங்களுக்கு வரும் மெயில் எதுவும் வராது. இது உடனே தெரியாததால், மொத்த வியாபாரி ஒருவர் போன் செய்து "மெயில் போட்டேனே, பார்க்கலையா?" என்று கேட்கும்போதுதான் விஷயம் புரியும். எதையும் தொடும் முன் டிஎன்எஸ் பக்கத்தை முழுதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முகவரியும் கவனிக்க வேண்டியது. ஆர்டர் உறுதி மெயில் உங்கள் ஜிமெயில் முகவரியிலிருந்து போகட்டும் என்று விடாதீர்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புவோரிடம் மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய சான்றுகளைக் கேட்கின்றன. சொந்த டொமைன் முகவரிக்குத்தான் அவற்றை உங்களால் அமைக்க முடியும்.

பணம் அதிகம் ஒழுகும் இடம் டெலிவரி கட்டணம். பொருளின் எடைப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு எடை வாரியாகக் கட்டணம் வைத்தால், பத்து கிலோ ஆர்டருக்கும் மிகக் குறைந்த கட்டணமே விழும். எடை போட்டாலும் பாதிதான் முடிந்தது. கூரியர்காரர்கள் தராசு எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. முறுக்கு நொறுங்கக் கூடாது என்று 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டியில் அடைக்கிறீர்கள். உள்ளே இருப்பது ஒரு கிலோ. பில் வருவது மூன்று கிலோவுக்கு. வாடிக்கையாளரிடம் ஒரு கிலோவுக்கு வாங்கியிருப்பீர்கள். அதனால் பெட்டியை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் கட்டணத்தைப் போடுங்கள்.

ஷாப்பிஃபையின் சொந்தப் பணவசூல் சேவையான ஷாப்பிஃபை பேமெண்ட்ஸ் இந்தியாவில் கிடையாது. ரேசர்பே, கேஷ்ஃப்ரீ மாதிரி வேறு நிறுவனம் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும். அந்த நிறுவனத்தின் கட்டணம் தனி. அதற்கு மேல் பேசிக் என்ற சந்தா திட்டத்தில் ஷாப்பிஃபை 2% எடுக்கும். ஆயிரம் ரூபாய் விற்பனையில் இருபது ரூபாய் அப்படியே போய்விடும். விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துப் பாருங்கள். வரி அமைப்பில் "விலையில் வரி உட்பட" என்ற தேர்வையும் சரிபாருங்கள். அது இல்லாவிட்டால் எம்ஆர்பி-க்கு மேல் ஜிஎஸ்டி ஏறி நிற்கும். பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி-க்கு மேல் வாங்குவது சட்டப்படி தவறு.

பொருளைத் திருப்பி எடுப்பது, தனியுரிமை மாதிரியான கொள்கைப் பக்கங்களை வேறொரு கடையிலிருந்து அப்படியே நகலெடுப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் பழக்கம். சில கடைகளில் அந்த வேறு கடையின் பெயரே அழிக்கப்படாமல் இருக்கும். 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலரின் பெயர் எல்லாவற்றையும் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணையும் போடுங்கள். புதுக் கடையில் முன்பின் தெரியாதவர் பணம் கட்டுகிறார். யாருக்குக் கட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

சரி, இப்போது தீமுக்கு வரலாம். தமிழில் கடை வைப்பவர்கள் எழுத்துருவை போனில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தீம் பட்டியலில் உள்ள பல எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. போன் தன்னிடம் இருப்பதைப் போட்டுக் காட்டும். தலைப்புகளின் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு ஏற்ற மாதிரி நெருக்கமாக வைத்திருப்பார்கள். தமிழில் மேல்வரியின் 'பு', 'து' கால்கள் கீழ்வரியின் 'கி', 'வீ' கொக்கிகளோடு இடிக்கும். இடைவெளியைக் கூட்டுங்கள். ஹிந்த் மதுரை, முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் கூகுளில் இலவசம். பொருளின் பெயர் தமிழில் இருக்கட்டும், லிங்க்கை மட்டும் ஆங்கில எழுத்தில் சிறிதாக எழுதுங்கள். தமிழ் லிங்க்கை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பெரும்பாலும் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும், பார்ப்பவர் மோசடி என்று நினைத்துத் தொடமாட்டார். பிறகு லிங்க்கை மாற்றினால், பழைய லிங்க்கைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் ஏற்கெனவே பகிர்ந்தவை எல்லாம் செத்துவிடும்.

நிரலைத் தொடும் முன் தீமை டூப்ளிகேட் செய்து, நகலில் வேலை பாருங்கள். ஆப்களைச் சேர்ப்பதில் கை இறுக்கம் வேண்டும். சில ஆப்களை நீக்கினாலும் அவை தீமுக்குள் வைத்த நிரல் அப்படியே கிடந்து கடையை மெதுவாக்கும்.

திறப்பதற்கு முந்தைய நாள், உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாத ஒருவரிடம் போனைக் கொடுத்து உண்மையான பணத்தில் ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வழி மட்டும் சொல்லாதீர்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு அந்த ஆர்டருக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்துப் பாருங்கள், அந்த வழி வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.