பழைய எஸ்டி பதிவையும் புதிய ஹெச்டி பதிவையும் ஒரே படமாகத் தொகுக்கும் முறை

ஒரே நிகழ்ச்சியை மினிடிவி (MiniDV) நாடாவில் எஸ்டி (SD) என்னும் குறைந்த தெளிவில் பதியும் பழைய கேம்கார்டரிலும், ஹெச்டி (HD) என்னும் உயர் தெளிவில் பதியும் கேம்கார்டரிலும் எடுத்துத் தொகுக்கும்போது, கண்ணை உறுத்துவது பழைய படத்தின் மங்கல் அன்று. ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சட்டெனத் தெரியும் வேறுபாடுதான். பழைய படத்தைக் கூர்மையாக்கப் பாடுபடுவதைவிட, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதே பயனுள்ள வேலை.

முடிந்த படம் எதில் பார்க்கப்படும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். டிவிடி மட்டும்தான் என்றால், தொகுப்பு மென்பொருளில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனை எஸ்டியிலேயே அமைத்து ஹெச்டி பதிவைச் சிறிதாக்கிவிடலாம். சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். இணையத்துக்கோ பெரிய திரைக்கோ என்றால் டைம்லைன் ஹெச்டியாகத்தான் இருக்க வேண்டும். 720×576 அளவுள்ள பால் (PAL) தொலைக்காட்சி முறைப் படத்தைவிட 1920×1080 படத்தில் சரியாக ஐந்து மடங்கு பிக்சல்கள் உள்ளன. அதாவது, பெரிதாக்கிய எஸ்டி படத்தில் ஐந்தில் நான்கு பங்கு மென்பொருள் கணக்கிட்டு நிரப்பியதாகவே இருக்கும்.

பலர் சறுக்கும் இடம் இன்டர்லேஸ். பால் முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம் என்று சொல்லப்பட்டாலும், ஒவ்வொரு ஃப்ரேமும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்ட இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகளும் மற்றதில் இரட்டைப்படை வரிகளும் இருக்கும். இதை அப்படியே பெரிதாக்கினால் இரண்டு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்து, அசையும் பொருள்களின் விளிம்புகளில் சீப்புப் பற்களைப் போன்ற கோடுகள் தடித்துப் படிந்துவிடும். பிறகு எந்த ஃபில்டராலும் அவற்றைச் சுத்தமாக நீக்க முடியாது. எனவே முதலில் டிஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃப்ரேம்களாக்குவது), அதன் பின்னரே அளவு மாற்றம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்னும் வீடியோ மாற்று மென்பொருளில் இதற்கென உள்ள யாடிஃப் (yadif), பிடபிள்யூடிஃப் (bwdif) ஆகிய ஃபில்டர்களை ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக்கும்படி அமைத்தால் நொடிக்கு 50 ஃப்ரேம்கள் கிடைக்கும். அசைவின் வழுவழுப்பும் குறையாது.

ஃபீல்டு வரிசையையும் கவனிக்க வேண்டும். மினிடிவி நாடாவில் உள்ள டிவி (DV) வடிவப் பதிவில் கீழ் ஃபீல்டு, அதாவது இரட்டைப்படை வரிகள் உள்ளது, முதலில் வரும். ஹெச்டி கேம்கார்டர்களின் ஹெச்டிவி (HDV), ஏவிசிஹெச்டி (AVCHD) வடிவ இன்டர்லேஸ் பதிவுகளில் மேல் ஃபீல்டு முதலில் வரும். ஒரே டைம்லைனில் இரண்டும் இருக்கும்போது மென்பொருள் ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. சந்தேகம் வந்தால், யாராவது திரையின் குறுக்கே நடந்துபோகும் ஒரு ஷாட்டை எடுத்து, 50 ஃப்ரேமாக மாற்றி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். கால் இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வருவதாகத் தெரிந்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்து வடிவம். 4:3 படத்தை 1080 வரி உயரத்துக்குப் பெரிதாக்கினால் அகலம் 1440 பிக்சலாகும். இரு பக்கமும் 240 பிக்சல் கறுப்புப் பட்டை நிற்கும். பட்டை வேண்டாம் என்று மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கினால், 576 வரிகளில் 432 மட்டுமே மிஞ்சும். ஏற்கெனவே குறைவாக உள்ள விவரத்தில் கால் பங்கு போய்விடும். ஆவணத் தன்மையுள்ள பழைய காட்சிகளுக்குப் பட்டையே நேர்மையானது என்பது என் கருத்து. இரண்டு கேமராக்களும் மாறிமாறி வரும் நிகழ்ச்சிக்கு வெட்டுவதே நல்லது, இல்லாவிட்டால் திரை விரிந்தும் சுருங்கியும் தொல்லை தரும். இழுத்து நிரப்புவதை மட்டும் எக்காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம். எல்லோருடைய முகமும் உப்பிப்போகும். எஸ்டி பிக்சல்கள் சதுரமானவை அல்ல என்பதால், படத்தில் சுவர்க்கடிகாரம் போன்ற வட்டமான பொருள் ஏதேனும் இருந்தால் அது வட்டமாகவே தெரிகிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தில், எஸ்டி ரெக் 601 (Rec. 601) என்னும் நிறத் தரநிலையையும் ஹெச்டி ரெக் 709 (Rec. 709) என்னும் தரநிலையையும் பின்பற்றுகின்றன. மாற்றம் சரியாக நடக்காவிட்டால் சிவப்பும் பச்சையும் சற்றே தடம் மாறும். அதைச் சரிபார்த்த பின் ஹெச்டியின் நிறத்தையே எஸ்டியை நோக்கி நகர்த்துங்கள். பழைய பதிவில் நிறத் தகவல் குறைவு, அதிகம் திருத்தினால் கட்டங்கட்டமாக உடையும். ஹெச்டி ஷாட்டுகளுக்கு மிக மெல்லிய மங்கலும் சிறிது நாய்ஸும் (புள்ளிப்புள்ளியான இரைச்சல்) சேர்த்தால் தாவல் பெரிதும் மறையும். எஸ்டி படத்துக்கு ஷார்ப்பனிங் தராதீர்கள். பழைய கேமராக்கள் பதியும்போதே விளிம்புகளைத் தூக்கிக் காட்டியிருக்கும்.

ஒலியில் ஒன்றுதான்: பழைய கேம்கார்டர் 12 பிட் முறையில் இருந்திருந்தால் ஒலி 32 கிலோஹெர்ட்ஸில் பதிவாகியிருக்கும், அதை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுத் தொகுப்பைத் தொடங்குங்கள்.

இனிமேல்தான் படம்பிடிக்கப் போகிறீர்கள் என்றால், அகலக் காட்சியை ஹெச்டிக்கும் குளோசப்பை எஸ்டிக்கும் ஒதுக்குங்கள். திரையை நிறைக்கும் ஒரு முகத்துக்கு 576 வரிகள் ஓரளவு போதும். தூரத்தில் அமர்ந்திருக்கும் நூறு பேரின் முகங்களுக்குப் போதாது. இரு கேமராக்களிலும் ஒரே வெள்ளை அட்டையைக் காட்டி வொயிட் பேலன்ஸ் செய்து, பதிவின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் கைதட்டிவிடுங்கள்; நீண்ட பதிவில் இரண்டின் ஒலியும் விலகிப்போனால் எவ்வளவு விலகியது என்பதை அந்த இரண்டாவது கைதட்டல்தான் காட்டும்.