ஆஸ்பத்திரியில் வேலை வேண்டும், எந்தப் பட்டம் படிப்பது? படிப்படியாக ஒரு விளக்கம்

வருஷா வருஷம் கோடை விடுமுறையில் எனக்கு இந்த போன் வந்துவிடும். "அண்ணா, நீட் சரியா வரலை. நர்சிங் போடவா, பிசியோ போடவா?" கேட்கும் பிள்ளைகள்தான் மாறுகிறார்கள், கேள்வி அதேதான்.

நான் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் லேப் டெக்னீஷியன். 15 வருஷமாக ரத்தக் குழாய்களோடு பிழைப்பு. அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நர்சிங்கும் பிசியோதெரபியும் புளி இல்லாத நாளில் எலுமிச்சை பிழிவதுபோல ஒன்றுக்குப் பதில் ஒன்று போடுகிற சமாச்சாரம் இல்லை. வேலை வேறு, நேரம் வேறு, படும் பாடும் வேறு. ஆனால் நம் வீடுகளில் மேலே டாக்டர், அது கிடைக்காவிட்டால் பல் டாக்டர், அதுவும் இல்லையென்றால் கீழே என்னவோ என்று ஏணி போட்டுத்தான் யோசிக்கிறோம். ஏணியை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: வேலையின் ஒரு நாளைப் பாருங்கள்

என் நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். முதலில் அனலைசரில் கன்ட்ரோல் ஓட்ட வேண்டும். மதிப்பு முன்பே தெரிந்த ஒரு சாம்பிளைக் கொடுத்து, மெஷினும் அதே மதிப்பைச் சொல்கிறதா என்று பார்ப்பது. சொல்லவில்லை என்றால், வெளியே வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் ரிப்போர்ட் போகக் கூடாது. ஏழு மணிக்கு வெறும் வயிற்றுக்காரர்கள் வந்துவிடுவார்கள். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி, ரத்த அணு எண்ணிக்கைக்கு ஊதா மூடி, உறைதல் சோதனைக்கு வெளிர்நீல மூடி. அந்த நீலக் குழாயில் ரத்தம் கோடு வரைக்கும் நிரம்பியே ஆக வேண்டும். உள்ளே இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு என்றால் ரத்தம் 9 பங்கு, அதுதான் கணக்கு. "பாட்டி பாவம் சார், இது போதும்" என்று அரைக் குழாய் அனுப்பினால் வரும் எண் பொய். பாட்டியை மறுபடி குத்தச் சொல்ல வேண்டும், வார்டு சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு மேல் மனித முகமே கிடையாது, பார்கோடுதான். எனக்கு இது பிடிக்கும். நாலு பேரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பவருக்கு இது ஜெயில்.

ஆகவே முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, நோயாளியோடு எவ்வளவு நேரம் இருக்க விருப்பம் என்பதுதான். நர்ஸ் ஷிப்டு முழுக்கப் படுக்கைப் பக்கம் நிற்பவர். இரவு ஷிப்டு இல்லாத நர்சிங் ஆரம்ப வருஷங்களில் அபூர்வம். பிசியோதெரபிஸ்ட் பக்கவாதம் வந்த ஒருவரின் கையை மாதக்கணக்கில், நாளுக்கு அரை மணி, முக்கால் மணி என்று பழக்குபவர். பலன் மெதுவாகத்தான் தெரியும், பொறுமை இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் ஒரே ஆட்கள் வாரம் 2, 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் என்று வருஷக்கணக்கில் வருவார்கள். சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்கள், ஒருநாள் அதில் ஒருவர் வராமலும் போவார். அதைத் தாங்க மனசு வேண்டும். எக்ஸ்ரே, சிடி பக்கம் போகும் ரேடியோகிராபர் ஒருவரை ஐந்து நிமிடம் பார்ப்பார். கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ் சட்டையில் தொங்கும். கண் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் இருட்டறையில் "இது தெளிவா, இது தெளிவா" என்று லென்ஸ் மாற்றிக்கொண்டே இருப்பார். மயக்க மருந்து டெக்னாலஜி படித்தவருக்கு நோயாளி தூங்கும் வரைக்கும்தான் பேச்சு.

பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஒருநாள் காலை போய் புறநோயாளிப் பிரிவில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். யாரும் விரட்ட மாட்டார்கள். வேலை செய்பவர் யாராவது தெரிந்தால் மூன்று கேள்வி போதும். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள், திரும்பப் படிக்கச் சொன்னால் இதையே எடுப்பீர்களா. மூன்றாவது கேள்விக்கு வரும் மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிளஸ் ஒன் குரூப் கதவைத் திறக்கிறதா

இது சுருக்கம். உயிரியல் அல்லது தாவரவியல்-விலங்கியல் எடுத்தவருக்குப் பெரும்பாலான கதவுகள் திறந்திருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டு மனம் மாறியவர்களும் சோர்ந்துபோக வேண்டாம். பி.பார்ம், பார்ம்.டி என்ற மருந்தியல் படிப்புகளுக்கு இயற்பியல், வேதியியலோடு கணிதம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பி.பார்ம் 4 வருஷம். பார்ம்.டி 6 வருஷம், கடைசி வருஷம் முழுக்க மருத்துவமனையில் பயிற்சி.

படி 3: எந்தக் கதவுக்கு எந்தச் சாவி

நீட் கட்டாயம் வேண்டியவை எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி. சித்தா என்றாலும் நீட் உண்டு என்பது இன்னும் பல பெற்றோருக்குத் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் இருக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியானாலும் அதே வழிதான். நீட் மொத்தம் 720 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். தமிழிலும் எழுதலாம்.

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருபவை தமிழ்நாட்டில் நிறைய. பிஎஸ்சி நர்சிங், பி.பார்ம், லேப் டெக்னாலஜி, ரேடியோகிராபி, கார்டியாக் டெக்னாலஜி, டயாலிசிஸ், ஆப்டோமெட்ரி என்று பட்டியல் போகும். இதற்கான அரசு கவுன்சலிங்கைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்துகிறது, விண்ணப்பம் ஆன்லைனில். கால்நடை மருத்துவத்துக்கும் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட். பிசியோதெரபி உள்ளிட்ட சில படிப்புகளில் நுழைவு விதி மாறிக்கொண்டு வருகிறது. போன வருஷம் அக்கா சேர்ந்த விதத்தை நம்பாமல் இந்த வருஷ விளக்கக் கையேட்டைப் படியுங்கள்.

நீட் எழுதியது வீணாகிவிடாது என்பதற்கு ஒரு தகவல். ராணுவ நர்சிங் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்கும்போது நீட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்பிபிஎஸ், பிடிஎஸ் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. அந்தப் பள்ளிச் சான்றுகளை இப்போதே எடுத்து வையுங்கள்.

இன்னொரு வருஷம் நீட் எழுதுவதா என்ற முடிவை ரிசல்ட் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். "இவ்வளவுக்கு மேல் வந்தால் மறுபடி எழுதுவேன், குறைந்தால் படி 1-ல் பிடித்த படிப்பு" என்று ஒரு எண்ணைத் தாளில் எழுதி அப்பா அம்மாவிடம் காட்டிவிடுங்கள். ரிசல்ட் வந்த ராத்திரியில் வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது.

படி 4: வருஷத்தையும் பணத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்

எம்பிபிஎஸ் நாலரை வருஷம், பிறகு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். எம்டி, எம்எஸ் என்றால் மேலும் 3. எங்கும் தடுக்கி விழாமல் போனாலே எட்டரை வருஷம். 17 வயதில் சேர்பவர் ஸ்பெஷலிஸ்ட் ஆகும்போது 26 ஆகிவிடும். நடுவில் முதுநிலை நீட்டுக்கு ஒரு வருஷம் போனால் 27. தங்கையின் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் அந்தக் காலத்துக்குள் வருமா என்று பார்ப்பது சுயநலம் இல்லை.

பிஎஸ்சி நர்சிங் 4 வருஷம். 21, 22 வயதில் சம்பளம் கைக்கு வரும். ஆனால் அந்த முதல் சம்பளத்தைப் பற்றி யாரும் இனிப்பாகச் சொன்னால் நம்பாதீர்கள். தனியாரில் குறைவாகத்தான் தொடங்கும். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி, ஆள் எடுக்கும். செவிலியர்கள் அங்கும் தொகுப்பூதியத்தில் தொடங்கிக் காத்திருந்துதான் நிரந்தரம் ஆகிறார்கள். வெளிநாடு போக நினைத்தால் நர்சிங்குக்குச் சமமான பட்டம் குறைவு. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்சுகளை அனுப்புகிறது. லட்சம் கேட்கும் ஏஜென்ட்டிடம் போவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், புரோக்கர்கள் சொல்ல மாட்டார்கள். 2021-ல் வந்த விதிப்படி அங்கே படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். நீட் தகுதியும் வேண்டும். திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அதற்கும் மேலே இந்தியாவில் ஒரு வருஷப் பயிற்சி. இதையெல்லாம் கூட்டிய பிறகும் வீடு தாங்கும் என்றால் போங்கள். நிலத்தை விற்றுப் போவதாக இருந்தால், என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

உதவிப் பணத்தை விடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சலுகைச் சான்று தனி.

படி 5: கல்லூரியின் கட்டடத்தை அல்ல, கவுன்சில் பட்டியலைப் பாருங்கள்

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் 'பாராமெடிக்கல் டிகிரி' என்று மூன்று வருஷம் பணம் கட்டினான். ஏசி வகுப்பு, நீலக் கலர் யூனிபார்ம், எல்லாம் இருந்தது. வளைகுடா வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது, எந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்புக்குப் பின்னால் இல்லை. இப்போது மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் மூன்று வருஷம் போனது போனதுதான்.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பதிவேடு உண்டு. மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம், நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சிலும் மாநிலக் கவுன்சிலும், மருந்தியலுக்கு பார்மசி கவுன்சில், பேச்சு-செவித்திறன் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சில். லேப், ரேடியோகிராபி, டயாலிசிஸ் போன்ற எங்கள் வகையறாவுக்கு ரொம்ப நாள் தேசிய அளவில் கேட்க நாதி இல்லாமல் இருந்து, 2021-ல்தான் தனிச் சட்டம் வந்தது. சேரப்போகும் கல்லூரி அந்தந்தக் கவுன்சில் பட்டியலிலும், கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் இணைப்பு இருக்காது, கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அடுத்து, சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அங்கே உண்மையில் நோயாளி இருக்கிறார்களா? காலை பத்து மணிக்கு ஓபி சீட்டுக் கவுன்டர் முன்னால் நின்றாலே விடை தெரிந்துவிடும். ஆள் இல்லாத மருத்துவமனையில் நாலு வருஷம் படித்து வருபவர்கள் எங்களிடம் வேலைக்கு வரும்போது நரம்பு தேடவே தடுமாறுகிறார்கள்.

படி 6: கவுன்சலிங்

அரசு கவுன்சலிங் முடிவதற்கு முன்பே "சீட் போயிடும்" என்று தனியார் கல்லூரி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. விருப்பப் பட்டியலில் படிப்பை முதலிலும் ஊரை இரண்டாவதாகவும் வைத்து வரிசைப்படுத்துங்கள். கல்லூரி வீட்டுக்குப் பக்கம் என்று பிடிக்காத படிப்பை மேலே போட்டவர்கள் யாரும் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

சான்றிதழ்களில் ஒரு சின்ன விஷயம். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், ஆதார், சாதிச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரிலோ சாதிச் சான்றிலோ மாறியிருந்தால் விடுமுறையிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்த் திருத்துங்கள். கவுன்சலிங் வாரத்தில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால் மயக்கம் வரும்.

படி 7: சேர்ந்த முதல் மாதம்

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் வார்டுக்கோ லேபுக்கோ போகும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மூன்றாவது ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைச் சோதிக்க வேண்டும், 10 mIU/mL-க்குக் குறையக் கூடாது. அந்தச் சோதனைக்கு எங்கள் மாதிரி ஒரு லேபுக்குத்தான் வருவீர்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள், கை மடிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது.