அளவோடு வாழப் பழகுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் ஞாயிறுதோறும் குறள் படிக்கக் கூடுகிறோம். ‘மருந்து’ அதிகாரம் முடிந்த வாரமே யாராவது ஒருவர் சோற்றுத் தட்டோடு சண்டையைத் தொடங்கிவிடுவார். ஒரு காலத்தில் நான் போட்ட அதே சண்டை. பேராசை கூடாது, நாக்கைக் கட்டு என்பதெல்லாம் தெரிந்த கதை, விடுங்கள்.

அடுத்தவர் அளவை எடுத்துக்கொள்வது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற தம்பி ஒருவர், செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாறினார். துணைக்கு வள்ளுவரை வேறு இழுத்துக்கொண்டார். நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது கண் இருட்டிச் சரிந்து, மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதச் சம்பளம் போச்சு.

“அண்ணே, அளவா சாப்பிடுன்னுதானே குறள்ல இருக்கு?” என்றார், மாவுக்கட்டோடு.

இருக்கிறது. எத்தனை வேளை என்று எங்கே இருக்கிறது? ‘அற்றால் அளவறிந்து உண்க’ என்கிறது 943. ‘துவரப் பசித்து’ என்கிறது அடுத்தது. முன்பு தின்றது செரித்ததா, நன்றாகப் பசிக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. 947-இல் ‘தீயளவு’ என்று இன்னும் பச்சையாகவே சொல்கிறார். அவரவர் வயிற்றுத் தீதான் படி.

அரிஸ்டாட்டிலும் இதே இடத்துக்குத்தான் வருகிறார். பத்து மினா எடை உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதற்காக எந்தப் பயிற்சியாளரும் எல்லாருக்கும் ஆறு என்று எழுதித் தரமாட்டார். மல்யுத்த வீரன் மைலோவுக்கு ஆறு போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதுவே அதிகம். துறைமுகத்தில் மீன் கூடை சுமக்கிறவருக்கும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் ஒரே தட்டா?

சராசரி பார்ப்பது

வெள்ளி வரை கஞ்சி, சனிக்கிழமை பாண்டிக்கு பஸ். “கணக்குப் போட்டா சரியா வருது சார்.” ஈரலிடம் போய்ச் சொல்லுங்கள்.

வீட்டாரையும் பட்டினி போடுவது

வேண்டாம்.

பசித்தவரிடம் அளவு பேசுவது

வடலூர் தருமச்சாலைக்கு வந்த நண்பர் ஒருவர், பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு மிதமாக உண்பது பற்றிப் பாடம் எடுத்தார். 1867-இல் வள்ளலார் அந்த அடுப்பை மூட்டியதே பசித்தவருக்குச் சோறு போடத்தான். பெரியவர் நிமிரவே இல்லை, இலையை இன்னொரு முறை காட்டினார்.

சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வது

கம்பங்கூழ் குடித்துக்கொண்டே தவணையில் மூன்றாவது செல்போன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வருமானம் சிறிதானாலும் கேடில்லை, செலவு அகலாதவரை என்கிற 478-ஐ வரும் ஞாயிறு எடுக்கிறோம். வருகிறவர்கள் பேங்க் பாஸ்புக்கோடு வரவும்.